தோளில் இருந்த பிள்ளை

ஈரப் பாதங்கள் இரண்டும் நெஞ்சில் வந்து வந்து மோதுகின்றன, கொலுசு மார்பெலும்பில் இடிக்கிறது, வலிக்கத்தான் செய்கிறது, இருந்தாலும் அந்தக் கணுக்கால்களை விட மனமில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கூட்டத்தை முழங்கையால் விலக்கி விலக்கி முன்னால் போகிறார், நல்லெண்ணெயும் சீயக்காயும் மிளகாய் பஜ்ஜியும் கலந்து ஒரு வாசனை, சாரல் முகத்தில் அடிக்கிறது, எதிரே குற்றாலத்துப் பேரருவி காது அடைக்க விழுந்துகொண்டிருக்கிறது, தோளில் இருக்கிற பிள்ளை அருவியை முதல்முதலாகப் பார்க்கிறது, கொஞ்ச நேரம் பேச்சில்லை மூச்சில்லை, பயந்துவிட்டதோ என்று அவர் நினைக்கிறார், அப்போது உச்சந்தலைக்கு மேலிருந்து ஒரு குரல், குழாயடியில் சண்டை போட்டுப் பழகின நடுவயதுப் பொம்பிளையின் தோரணையில், எந்த மூதி குழாய அடைக்காமப் போனா. முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார், பக்கத்தில் ஈரச் சேலையோடு நின்ற பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள், கூட்டத்தை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்த போலீஸ்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார், இவருக்கோ சிரித்துச் சிரித்துத் தோள் குலுங்குகிறது, விழுந்துவிடுவோம் என்று பிள்ளை அவர் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொள்கிறது, அந்தப் பிடியின் வலி இப்போதும் மண்டையில் இருக்கிறது, முடிதான் இல்லை.

இப்போது தோளில் துண்டு மட்டும் கிடக்கிறது. ஆறுமுகநயினார் தென்காசியில் தன் வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், பட்டப்பகல், சமையலறையில் அப்பளம் பொரிகிற சத்தம், எதிரே பாயில் காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறாள் தேன்மொழி, மருமகன் சண்முகவேலின் புதுப் பெண்டாட்டி, அவள் பக்கத்தில் சண்முகவேல், அவனை மருமகன் என்று இன்னும் சொல்லலாமா கூடாதா என்பதே அவருக்குப் பிடிபடவில்லை, மகள் போய் மூன்றாவது வருஷம் நடக்கிறது, மகள் இல்லாத மருமகனை வேறு எப்படிச் சொல்வது, தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். அவர்கள் வழியில் ஒரு வழக்கம், மகள் செத்து மருமகன் மறுதாரம் கட்டினால், வந்தவளைச் செத்தவளுடைய அப்பா அம்மா வீட்டுக்கு அழைத்து விருந்து வைக்க வேண்டும், சேலை எடுத்துக் கொடுக்க வேண்டும், அன்றிலிருந்து அவள் இந்த வீட்டு மகள், அவளும் இவர்களை அப்பா அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும், எந்த மகராசன் ஏற்படுத்தினானோ, அவன் மகளைப் பறிகொடுத்தவனாக இருக்க மாட்டான். விருந்து முடிந்து வெயில் தாழ்ந்ததும் இவர்கள் காரில் ஏறி ஓசூருக்குப் போகிறார்கள், போகும்போது ஆதிரையையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள், ஆதிரை, போய்விட்ட மகள் உலகம்மாளின் பிள்ளை, நாலு வயசு, அங்கே பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கியாகிவிட்டது. இதுதான் சங்கதி, மற்றதெல்லாம் அப்பளமும் பாயசமும்.

உலகம்மாள், வீட்டில் உலகு, இவர்களுக்கு ஒற்றை மகள். காய்ச்சல் என்று போனில் சொன்னாள், மாத்திர போட்ருக்கேன்ப்பா, நீங்க ஒண்ணும் அலைய வேண்டாம் என்றாள், அவரும் சரியென்று அலையாமல் இருந்தார், அப்புறம் அலைந்தபோது ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது, அவ்வளவுதான், அதற்கு மேல் சொல்லி என்ன ஆகப்போகிறது. காரியங்கள் முடிந்த கையோடு சண்முகவேல் பிள்ளையை வடிவின் மடியில் விட்டான், அப்போதுதான் அது தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தது, உங்ககிட்டயே இருக்கட்டும் மாமா, எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்கு என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். வடிவு என்பது நயினாரின் பெண்டாட்டி செண்பகவடிவு, வாய்க்காரி, தெருக்குழாயில் அவள் குடத்தைக் கொண்டுவந்து வைத்தால் மற்றக் குடங்கள் தானாக ஒதுங்கும் என்று பேர் வாங்கினவள், அந்த வாயே அடைத்துப்போய்விட்டது, வீட்டில் சோறு வேகும், விளக்கு எரியும், பேச்சு இருக்காது, இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் மகள் மூக்கும் மகள் நெற்றியும் தெரிந்துவிடும் என்று பயந்து தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். அப்புறம் ஒரு காலையில் அவர் வாஷ்பேசினுக்கு முன்னால் பல்செட்டைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருக்கிறார், குட்டி வந்து நிற்கிறது, கையில் இருக்கிற பல்லைப் பார்க்கிறது, பொக்கை வாயைப் பார்க்கிறது, மறுபடியும் பல்லைப் பார்க்கிறது, பிறகு அவர் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்து, இப்ப கையக் கழட்டு தாத்தா என்றது, கை கழறாதும்மா என்றார், முகம் சுண்டிப்போனது, சரி மூக்கையாவது கழட்டு என்றது, சந்தையில் விலையைக் குறைத்துக் கேட்கிற மாதிரி. சமையலறையில் ஒரு சத்தம், பாத்திரம் விழுந்ததோ என்று எட்டிப் பார்த்தால் வடிவு சிரிக்கிறாள், சிரித்தவள் சட்டென்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள், பெற்றதைத் தூக்கிக் கொடுத்துவிட்டுச் சிரிக்கிறேனே, பாவி நான், என்று அந்தப் பார்வை. அவர் பல்லை மாட்டிக்கொண்டார்.

அன்றைக்குத் தொடங்கியது. அவர் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போய்விட்டு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்குள் வடிவு ஆரம்பித்துவிடுவாள், இன்னிக்கு உங்க பேத்தி என்ன சொன்னா தெரியுமா, அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிடுவார், ஒற்றைச் செருப்பு காலில் இருக்கும், வடிவு பிள்ளையைப் போலவே கழுத்தைச் சாய்த்து, பிள்ளையைப் போலவே கண்ணை உருட்டிச் சொல்லுவாள், வடிவு இல்லாத நேரத்தில் நடந்ததை அவர் சொல்லுவார், அவருக்கு அவளைப் போல நடித்துக் காட்ட வராது, இருந்தாலும் விட மாட்டார், இப்படி ஒரு தடவை பிள்ளை சொல்லும்போது, இன்னொரு தடவை இவர்கள் சொல்லிக்கொள்ளும்போது, பழைய சோற்றைப் பிசைந்து பிசைந்து தின்கிற மாதிரி, அதைத் தின்றுதான் இரண்டு உயிரும் கிடந்தன என்றால் மிகையில்லை. ஒரு நாள் மாலை போட்ட உலகுவின் போட்டோவுக்கு முன்னால் நின்று கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு, அம்மா எப்பவும் சிரிச்சிட்டே இருக்காளே ஆச்சி, அவளுக்கு வாய் வலிக்காதா என்று கேட்டது, அதை மட்டும் வடிவு அன்றைக்குச் சொல்லவில்லை, ரெண்டு நாள் உள்ளேயே வைத்திருந்துவிட்டு வெங்காயம் நறுக்குகிற சாக்கில் சொன்னாள்.

வயசு ஆக ஆக ஒரு கேடு வந்து சேர்கிறது, நயினார் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்தவர், செங்கோட்டை வண்டி எப்போது, கடையநல்லூர் வண்டி எப்போது என்று கடிகாரத்தைப் பார்க்காமல் சொன்னவர், அவர் எடு எடு என்றால்தான் வண்டி நகரும், இன்றைக்கு அந்த மண்டைக்குள் எந்த வண்டி முந்தினது எந்த வண்டி பிந்தினது என்ற கணக்கே இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது சோப்பு எரியுதுப்பா என்று கத்தினது யார், தாத்தா என்றுதானே கத்தியிருக்க வேண்டும், அப்பா என்று காதில் விழுகிறதே, உலகு சின்னப் பிள்ளையாக இருந்தபோது போட்ட கொலுசை வடிவு பாலீஷ் போட்டு ஆதிரைக்கு மாட்டிவிட்டிருக்கிறாள், அதே சத்தம் அடுக்களைக்கும் முன்னறைக்கும் ஓடுகிறது, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார், முப்பது வருஷம் எங்கேயோ போய்விடுகிறது, உலகு, ஓடாத, விழுந்துருவ என்கிறார், நான் உலகு இல்ல, ஆதிர என்று பதில் வருகிறது, சிலநாள் அதுவும் வருவதில்லை, சிலநாள் உலகு என்று கூப்பிட்டால் சரியென்று ஆதிரை வந்து நிற்கிறது, அப்போது அவருக்கு நிம்மதியாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும். ஆனி ஆடியில் சாரல் விழும்போது வடிவு பிள்ளையை வாசலுக்கு விட மாட்டாள், ஒரு துளி தலையில் விழுந்துவிட்டால் துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வருவாள், காய்ச்சல் என்ற சொல்லையே அந்த வீட்டில் யாரும் சொல்லக்கூடாது, ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி மழையைத் தொட்டுவிட்டு, மழைக்கு ஜில்லுனு இருக்கு ஆச்சி, அதுக்குத் துவட்டி விடுங்க என்று ஆதிரை சொல்லும்.

சண்முகவேலுக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று காதில் விழுந்தபோது நல்லதுதானே என்றார், அவனும் எத்தனை நாள் கடைச்சோறு தின்பான் என்றார், எல்லாம் ஒழுங்காகத்தான் சொன்னார். பெண் கோவில்பட்டிக்காரி, வீட்டுக்கு மூத்தவள், தங்கச்சிகளையெல்லாம் கட்டிக்கொடுத்துவிட்டு முப்பதைத் தாண்டி நின்றவள், பிள்ளையை நான் வளர்க்கிறேன் என்று அவளே சொன்னாளாம், அதைக் கேட்ட அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதெல்லாம் சொல்லுவாவ, கல்யாணத்துக்கு முந்தி யாரு வேண்டாம்னு சொல்லுவா, நேர்ல பாத்தாத்தான தெரியும் என்று வடிவு அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். நேரில் பார்த்தால் தெரியும், அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இத்தனை நாள் கிடந்தார். ஏனென்றால் ஆதிரைக்கு ஒரு குணம், விருந்தாளியைக் கண்டால் வாய் சும்மா இருக்காது, அவருடைய பழைய கூட்டாளி ஒருத்தரைப் பார்த்து, உங்க காதுல ஏன் புல்லு மொளச்சிருக்கு என்று கேட்டது, அடுத்த தெருவிலிருந்து பத்திரிகை வைக்க வந்த அம்மாளிடம், நீங்க எப்பப் போவீய, நீங்க போனாத்தான் ஆச்சி முறுக்கு டப்பாவ எடுப்பாவ என்று சொன்னது, அந்த அம்மாள் காபியைக் குடிக்காமலே எழுந்தாள். அதனால் யாராவது வருகிறார்கள் என்றால் வடிவு பிள்ளையை உட்காரவைத்துத் தலைவாரிக்கொண்டே பாடம் நடத்துவாள், அதச் சொல்லாத, இதக் கேக்காத, வாங்கன்னு சொல்லணும், போகும்போது போய்ட்டு வாங்க, அடிக்கடி வாங்கன்னு சொல்லணும், பிள்ளையும் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டும். இன்றைக்குக் காலையில் வடிவு தலைவாரினாள், பின்னல் போட்டாள், பூ வைத்தாள், வாயைத் திறக்கவில்லை. அவர் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார், அவரும் வாயைத் திறக்கவில்லை. ரெண்டு பேருக்கும் ஒரே நினைப்பு என்று ரெண்டு பேருக்கும் தெரியும், வெட்கத்தில் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்த்துக்கொள்ளவில்லை. வாய் திறந்து ஏதாவது ஒன்றைச் சொல்லட்டும், வந்தவளுக்கு முகம் சுளிக்கட்டும், புருஷன் காதில் அவள் மெல்லச் சொல்லட்டும், கொஞ்ச நாள் இங்கனயே இருக்கட்டுமே என்று, கொஞ்ச நாள் போதும், அவருக்கு இருப்பதும் கொஞ்ச நாள்தான். விடியுமுன் கோயிலுக்குப் போய் உலகம்மன் முன்னால் நின்று வேண்டிக்கொண்டதுகூட அதைத்தான், தாயே, பிள்ளை வாயில் இன்றைக்கு ஒரு நல்ல வார்த்தை வரக்கூடாது. எந்தத் தாத்தனாவது இப்படி வேண்டுவானா, வேண்டினார்.

வந்தார்கள், தேன்மொழி குனிந்து காலைத் தொட்டுக் கும்பிட்டாள், அப்பா என்றாள், அவருக்கு உடம்பெல்லாம் கூசியது, நல்லாரும்மா என்றார், குரல் எங்கேயோ கிணற்றுக்குள் இருந்து வந்தது. ஆதிரை வடிவின் சேலைக்குப் பின்னால் நின்று ஒரு கண்ணால் பார்த்தது, ரெண்டு கண்ணால் பார்த்தது, வெளியே வந்தது, தேன்மொழியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து எதிரே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு, நீங்கதான் புது அம்மாவா என்று கேட்டது. ஆமா என்றாள் அவள். பிள்ளை கையை நீட்டி மாலை போட்ட போட்டோவைக் காட்டி, பழைய அம்மா அந்தச் செவுத்துல இருக்கா, நீங்க எந்தச் செவுத்துல இருப்பீய என்று கேட்டது. சண்முகவேலின் முகம் கறுத்துப்போனது, வடிவு கையில் இருந்த செம்பு அப்படியே நின்றது, நயினார் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார், இதோ, இதோ சொல்லிவிட்டது, இதைவிடக் கொடுமையாகப் பெரியவர்களால்கூடக் கேட்க முடியாது, கல்யாணமாகி மஞ்சள் காயாதவளிடம், மங்கலமாக இருக்க வேண்டிய நாளில், எந்தப் பொம்பிளை தாங்குவாள், அய்யோ என்றும் இருந்தது அவருக்கு, அப்பாடா என்றும் இருந்தது, இருந்ததா இல்லையா, இருந்தது. தேன்மொழி நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள், நாலு சுவரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், பிறகு பிள்ளை பக்கம் திரும்பி, நீயே சொல்லேன், எது நல்லாருக்கும் என்று கேட்டாள். ஆதிரை மேஸ்திரி மாதிரி கன்னத்தில் விரலை வைத்து யோசித்துவிட்டு, இந்தச் செவுரு வேண்டாம், பல்லி வரும், உங்க மேல ஆயி போயிரும் என்றது. தேன்மொழி சிரித்தாள். முதலில் மூக்கால் சிரித்தாள், அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சரிந்து, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள், அய்யோ அம்மா, பல்லி ஆயி போயிருமாம்ல என்று புருஷன் முழங்காலைத் தட்டித் தட்டிச் சிரித்தாள், அவள் சிரிப்பதைப் பார்த்து ஆதிரைக்கும் சிரிப்பு, தன் சாமர்த்தியத்தில் தனக்கே பெருமை, போய் அவள் மடியில் பொத்தென்று விழுந்தது. முகஸ்துதிக்குச் சிரிக்கிற சிரிப்பு எது, உள்ளேயிருந்து வருகிற சிரிப்பு எது என்று நயினாருக்குத் தெரியும், இத்தனை நாள் அந்த வீட்டில் வடிவு சிரித்த சிரிப்பு அது, அவர் சிரித்த சிரிப்பு அது. அந்த இடத்தில் அவருக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. இவள் நல்லவள், பிள்ளை இவளிடம் நன்றாக இருக்கும், இனி இந்தப் பிள்ளை இந்த வீட்டுக்கு விருந்தாளி. கெட்டவளாக வந்திருக்கக் கூடாதா என்று நினைத்தார், நினைத்ததற்காகத் தன்னைத் தானே மனசுக்குள் காறித் துப்பிக்கொண்டார்.

சாப்பிட்டு இலை எடுத்தாயிற்று, சேலையைத் தட்டில் வைத்துக் கொடுத்தாயிற்று, ஆதிரை அப்பாவோடு வெளியே போய்க் காரின் விளக்கை எல்லாம் போட்டுப் போட்டு அணைத்துவிட்டு வந்து மறுபடியும் தேன்மொழி மடியில் உட்கார்ந்துகொண்டது. இன்னும் என்னென்னம்மா சொல்லுவா, சொல்லுங்கம்மா, எனக்கு எல்லாம் தெரியணும்லா என்று தேன்மொழி வடிவிடம் கேட்டாள். வடிவு முதலில் பிடிகொடுக்கவில்லை, என்னத்த, எல்லாப் பிள்ளையளும் சொல்லுததுதான் என்றாள். பிறகு பல்செட்டைச் சொன்னாள், பீரோவில் இருந்து நல்ல பாத்திரத்தை மனசில்லாமல் எடுத்து வைக்கிறவள் மாதிரி ஒன்றைச் சொன்னாள், தேன்மொழி சிரிக்கச் சிரிக்க வடிவுக்கும் ஏறிவிட்டது, சாமிக்குப் படைத்த பொங்கல் குறையாமல் இருந்ததைப் பார்த்து, சாமிக்கு வயித்து வலியா இருக்கும், ஓமத்தண்ணி குடுங்க என்று பிள்ளை டம்ளரைத் தூக்கிக்கொண்டு வந்ததைச் சொன்னாள், எதிர்வீட்டுப் பெரியவர் செத்த வீட்டில் நடந்ததைச் சொன்னாள், பாடையைக் கட்டி எல்லாம் தயார், தூக்கப் போகிறார்கள், பொம்பிளைகள் விழுந்து கதறுகிறார்கள், இவள் தாத்தா இடுப்பில் இருந்துகொண்டு, நேரமாச்சு, எடு எடு, பின்னால வண்டி நிக்கி என்று கத்தினாளே, அழுத பொம்பிளைகள் சேலையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றார்களே, செத்தவர் மகனே துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினானே, அழுகிறான் என்றல்லவா எல்லாரும் நினைத்தார்கள். தேன்மொழிக்கு மூச்சு வாங்கியது. நயினார் ஒவ்வொன்றாகப் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எல்லாவற்றையும் வடிவே சொல்லிவிட்டால் தனக்கு என்ன மிச்சம் என்று சின்னப் பிள்ளை மாதிரி ஒரு பொறாமை, பிடுங்கப்போகிறார்கள் என்றால் நாமே கொடுத்துவிட்டால் என்ன என்று ஒரு வீம்பு, ரெண்டும் சேர்ந்து தொண்டைக்கு வந்தன, அருவியில வச்சு சொன்னாளே அதச் சொல்லலையே நீ என்று ஆரம்பித்தார். தோளில் வைத்துக்கொண்டு போனது, கூட்டம், இரைச்சல், பேச்சு மூச்சில்லாமல் இருந்தது, எந்த மூதி குழாய அடைக்காமப் போனா, போலீஸ்காரர் விசிலை எடுத்தது, எல்லாம் சொன்னார், வாழ்க்கையில் முதல் தடவையாக வடிவைவிட நன்றாகச் சொன்னார், குரல்கூட அப்படியே வந்தது. தேன்மொழி அதற்குச் சிரித்த சிரிப்பு மற்ற எதற்கும் சிரிக்கவில்லை, மடியில் இருந்த பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி, அப்படியாட்டி சொன்ன நீ, எந்த மூதி அடைக்காமப் போனா என்று கேட்டாள், ஆதிரையும் ஆமா என்று தலையாட்டியது, நான்தான் சொன்னேன் என்றது. இத எங்க அம்மாட்ட சொல்லணும் என்றாள் தேன்மொழி. சண்முகவேல் மட்டும் ஒரு தடவை நிமிர்ந்து மாமனாரைப் பார்த்தான், பிறகு போனை எடுத்துக் குனிந்துகொண்டான். வடிவு எழுந்து உள்ளே போனாள், பிள்ளைக்கு வழியில் குடிக்கப் பால் ஆற்றப் போகிறாள் என்று அவர் நினைத்தார்.

வெயில் தாழ்ந்தது. பையை ஏற்றினார்கள், பொம்மையை ஏற்றினார்கள், பிள்ளை ஒரு தடவை அழுதால்கூடப் போதும் என்று அவர் காத்துக்கொண்டிருந்தார், அது அழவில்லை, கண்ணாடியை ஏற்றி இறக்குகிற பொத்தானைக் கண்டுபிடித்துவிட்டது, அதற்கு அந்தச் சந்தோஷமே பெரிதாக இருந்தது. தேன்மொழி பின்சீட்டில் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தாத்தா ஆச்சிக்கு டாட்டா சொல்லு என்றாள். ஆதிரை கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, வாசலில் நிற்கிற இரண்டு பேரையும் பார்த்து, இத்தனை நாள் விருந்தாளிகளை அனுப்பிப் பழகின வாய்தானே, போய்ட்டு வாங்க தாத்தா, போய்ட்டு வாங்க ஆச்சி, அடிக்கடி வாங்க என்றது. காருக்குள் சிரிப்பு, வடிவும் சிரித்தாள், அவரும் சிரித்தார், அவர் கை தானாக எழுந்து காரின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டியது, எடு என்றார், வண்டி எடுத்தது. தெருமுனையில் திரும்பி மறைகிற வரைக்கும் இரண்டு பேரும் சிரித்த முகத்தோடேயே நின்றார்கள், சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல்.

உள்ளே வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வடிவு பாயைச் சுருட்டினாள், சுருட்டிய பாயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அருவிக் கதைய ஏன் சொன்னீய என்றாள். எல்லாத்தையும் நீதான சொன்ன, நான் ஒண்ணு சொல்லக் கூடாதா என்றார் அவர். அது உலகு சொன்னதுல்லா என்றாள் வடிவு. அவர் அவளைப் பார்த்தார். இவள அருவிக்கு நாம கூட்டிட்டுப் போனதே கெடையாதே, நான் எங்க விட்டேன், காய்ச்சல் வந்துருமேன்னு வாசலுக்கே விடலியே, உலகு சொன்னது அது, தெருக்குழாயில நான் பேசுனதக் கேட்டுட்டு வந்து அவ அங்கன வச்சு சொன்னா, நீங்க தோள்ல வச்சிருந்தீய, நான் பின்னால சோப்பு டப்பாவும் மாத்துத் துணியும் வச்சிட்டு நின்னேன், எல்லாரும் சிரிக்காவ, எனக்கு அவமானமாப் போச்சு, வீட்டுக்கு வந்து அவ தொடையில கிள்ளுனேன். அத எப்படி மறந்தீய, அது ஒண்ணுதான நம்மகிட்ட அவ பேச்சுன்னு இருந்துச்சு, அதயும் தூக்கிக் குடுத்திட்டீயளே.

போன் பண்ணலாம், பண்ணி என்னவென்று சொல்வது, அம்மா தேன்மொழி, அது உன் பிள்ளை சொன்னதில்லை, செத்துப்போன என் மகள் சொன்னது, திருப்பிக் கொடு என்றா, அப்படிக் கேட்டால் கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பார்கள், பிசகித்தானே போயிற்று. கார் இந்நேரம் கடையநல்லூர் தாண்டியிருக்கும், அதற்குள் அவள் அதை இரண்டு தடவை சொல்லிச் சிரித்திருப்பாள், நாளைக்கு அவள் அம்மாவிடம் சொல்லுவாள், தங்கச்சிகளிடம் சொல்லுவாள், பள்ளிக்கூடத்து டீச்சரிடம் சொல்லுவாள், ஆதிரையும் கேட்டுக் கேட்டுத் தான் சொன்னதாகவே நம்பி வளரும், பெரியவளாகித் தன் பிள்ளைகளிடமும் சொல்லும், உலகு சொன்னாள் என்று சொல்ல இந்த உலகத்தில் இரண்டு பேர், அந்த இரண்டு பேரில் ஒருத்தர் இன்றைக்கு மத்தியானம் மறந்துபோனார், மூன்றாவதாக ஒருத்தன் நிமிர்ந்து பார்த்தான், அவனுக்குத் தெரிந்திருக்கும், உலகு என்றைக்கோ சொல்லியிருப்பாள், அவன் வாயைத் திறக்கவில்லை, இனியும் திறக்க மாட்டான், திறந்து என்ன செய்ய. அவர் கண்ணை மூடிக்கொண்டார், எப்படியாவது போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும், கூட்டம் இருக்கிறது, எண்ணெய் வாசனை இருக்கிறது, சாரல் முகத்தில் அடிக்கிறது, இரண்டு பாதமும் நெஞ்சில் மோதுகின்றன, ஆனால் தோளில் இருக்கிற பிள்ளைக்கு முகம் ஏது, தூக்கிக்கொண்டு போகிறவனுக்குக் காலும் கொலுசும்தானே தெரியும், ஏ பிள்ளே, நீ யாரு, குனிஞ்சு மூஞ்சியக் காட்டு என்று அவர் கழுத்தை ஒடித்து மேலே பார்க்கிறார், கண்ணில் தண்ணீர்தான் விழுகிறது. சரி, முகம் வேண்டாம், ஒரு தடவை பேசட்டும், குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று கணுக்கால்களை இறுகப் பிடித்துக்கொண்டு அருவிக்கு முன்னால் நிற்கிறார். தலைக்கு மேலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.